பூஜைக்கு முன்னால் தின்ற இலந்தை

என் பிள்ளைகளுக்கு அட்வெஞ்சர் வேண்டுமாம். மகளோடு படிக்கிற ஒருத்தி தாய்லாந்து போய்க் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. நான் அரசுப் பேருந்தில் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவில் பதினெட்டு வருஷமாகக் கம்பியில் தொங்கிக்கொண்டுதான் பிழைக்கிறேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எங்கள் யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. பாஷை புரியாத, சாப்பாடு பிடிபடாத ஊர்தானே வேண்டும், கல்கத்தாவுக்குப் போவோம் என்றேன். அங்கே பெஹாலாவில் என் கொழுந்தியாள் செல்வி இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முருகேசனுக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. என் மனைவி நர்ஸ், ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லை. பொங்கல் முடிந்த கையோடு பன்னிரண்டு வயது தர்ஷினியையும் ஏழு வயது கார்த்தியையும் கூட்டிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். செல்வி கேட்டாள் என்று பையில் இரண்டு கிலோ இலந்தை வடை. பழத்தை மிளகாய், உப்பு, புளி, வெல்லம் போட்டு இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தது. அதுதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

முதல் நாள் ஹௌரா ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் டாக்ஸி பிடித்தோம். டிக்கி மூடவில்லை, டிரைவர் கயிறு போட்டுக் கட்டினார். கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, பெரிய மைதானத்துப் பக்கம் வந்ததும் வண்டி ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி என் கதவை வெளியிலிருந்து திறந்து, தள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். அதற்குள் நடந்துபோன நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். வந்தவர்கள் தள்ளினார்களா என்றால் இல்லை. கோளாறு பேட்டரியிலா, பெட்ரோல் குழாயிலா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். குரங்குக் குல்லா போட்ட ஒருவர் பானெட்டில் தட்டித் தட்டிப் பேசினார். இன்னொருவர் அவரைப் பார்த்து, "உங்க வீட்டுல சைக்கிளாவது இருக்கா?" என்று கேட்டதாக டிரைவர் எனக்குப் புரிகிற அரைகுறை இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் கார்த்தியும் தள்ளினோம். வண்டி கிளம்பியது. அவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை.

அப்போதே இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. எதற்கெடுத்தாலும் உரக்கச் சண்டை போடுகிறார்கள். யாரும் யார் மேலும் கை வைப்பதில்லை. எங்கள் ஊரில் இதே பேச்சுக்கு இரண்டு தலை உடைந்திருக்கும்.

செல்வி இருப்பது முதல் மாடி. கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த அம்மாள் சுபர்ணா, கோர்ட்டில் வக்கீல். வீட்டுக்காரர் அமைதியான மனிதர், மனைவி பேசும்போது பேப்பர் படிப்பார், மனைவி எப்போதும் பேசுவார். ஒரே மகள் துலி, பத்தாம் வகுப்பு, இரண்டு வாரத்தில் அரசுப் பரீட்சை. பள்ளிக்கூடப் பெயர் வேறு ஏதோ நீளமாக இருந்தது, வீட்டில் துலி.

துலியும் தர்ஷினியும் ஒரு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம், கை கொஞ்சம், சிரிப்பு மீதி. ஐந்தாம் நாள் சரஸ்வதி பூஜை வருகிறது, அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் சேலை கட்டுவார்கள், என்னுடைய பழைய சேலையை உனக்குக் கட்டிவிட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று துலி வாக்குக் கொடுத்துவிட்டாள். என் மகள் சேலை கட்டியதே இல்லை. அன்று ராத்திரி தூங்கும் வரை மஞ்சள் சேலைதான்.

இரண்டாம் நாள் பஸ். என் தொழிலை அடுத்தவன் எப்படிச் செய்கிறான் என்று பார்க்காமல் எப்படி வருவது? கண்டக்டருக்கு விசில் கிடையாது, உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகி வைத்திருக்கிறார், விசிறி மாதிரி. படியில் நின்று எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மூச்சில் பாடுகிறார். பஸ் முழுதாக நிற்பதில்லை, கொஞ்சம் தயங்குகிறது, அதற்குள் ஏறிக்கொள்ள வேண்டும். கார்த்தியைத் தூக்கி உள்ளே எறிந்த மாதிரிதான் ஏற்றினேன்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்க எழுந்தாள். கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா" என்று குரல் கொடுத்தார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள், மடியில் குழந்தை என்று அர்த்தமாம், பிறகு வீட்டில் செல்வி சொன்னாள். அத்தனை நேரம் தயங்கித் தயங்கிப் போன பஸ் அசையாமல் நின்றது. அந்தப் பெண் இறங்கி, சேலையைச் சரிசெய்து, குழந்தையின் குல்லாவையும் சரிசெய்த பிறகுதான் கிளம்பியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

லேக் மார்க்கெட்டில் இறங்கினோம். மல்லிகைப்பூ, வாழை இலை, காபித் தூள் எல்லாம் கிடைக்கிற இடம். மளிகைக்கடைக்காரர் நம் ஆள், தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம். தமிழ் பேசினார், ஆனால் கோபம் வந்தால் வங்காளத்துக்கு மாறினார். அவர் கடைக்கு எதிரே தரையில் ஒரு பெண் இலந்தைப் பழத்தைக் குவித்து வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பழத்தைவிடப் பெரியது, பச்சையும் மஞ்சளுமாக. ருசி பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நம் மளிகைக்கடைக்காரரும் சிரித்தார்.

"என்ன சொல்லுதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். படிச்சுப் பாஸாக வேண்டிய வயசு உங்களுக்குத் தாண்டிருச்சாம், பரவாயில்லையாம்."

படிக்காதவன் என்று என்னைச் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பழம் வாங்காமல் முறைத்துவிட்டு வந்தேன். வீடு வரைக்கும் முறைப்பு இறங்கவில்லை. அந்தக் குவியலைச் சுற்றி அத்தனை குழந்தைகள் நின்றும் ஒன்றுகூடத் தின்னவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்காதவனைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கிற கண், அன்றைக்கு அவிந்து போயிற்று.

மூன்றாம் நாள் ஆற்றில் படகு. பெரிய மோட்டார் படகு, டவுன் பஸ் மாதிரி கூட்டம். ஆபீஸ் போகிறவர்கள் சாவகாசமாக நிற்கிறார்கள், கார்த்திதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைக் கடக்கிற முகத்தோடு நின்றான். பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிக் கலந்து பேப்பர் கூம்பில் கொடுத்தார்கள். மூக்கில் ஏறியது. இந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்கு ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மற்றபடி பருப்பில் சர்க்கரை, தக்காளித் துவையலில் சர்க்கரை. முருகேசன், "பழகிரும் அண்ணாச்சி" என்கிறார். அவருக்குப் பழகி, செல்வி வைத்த ரசத்தில் சர்க்கரை தேடுகிறார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தர்ஷினி ஒரு கிண்ணத்தில் இலந்தை வடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். முந்தின நாளே துலிக்கு மூன்று கொடுத்திருக்கிறாள். இது புளியா என்று துலி இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாள். இலந்தைக்கு இங்கிலீஷ் தெரியாததால் தர்ஷினி போனில் படத்தைத் தேடி எடுத்துப் பெருமையாகக் காட்டியிருக்கிறாள்.

துலி அழுத சத்தம் மாடிக்கு வந்தது.

ஓடினோம். துலி வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள், முந்தின நாள் தின்றதற்கு. தர்ஷினி கிண்ணத்தோடு மூலையில் நின்றாள். செல்வி ஒரு பார்வையில் புரிந்துகொண்டு தலையில் கை வைத்தாள். இந்த ஊரில் சரஸ்வதி பூஜை முடியும் வரை படிக்கிற பிள்ளைகள் இலந்தை தின்ன மாட்டார்களாம். முதல் பழம் சரஸ்வதிக்கு. அவளுக்கு முன்னால் தின்றால் பரீட்சையில் பெயில்.

"ரெண்டு கிலோ கொண்டாரச் சொன்னது என் புத்திதான்," என்றாள் செல்வி. "கடுகு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். இவ எடுப்பான்னு கண்டேனா?"

சுபர்ணா பதறவில்லை. வக்கீல் அல்லவா. செல்வியிடம் வங்காளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். செல்வி என்னிடம் திரும்பினாள். "அத்தான், இது போன வருசத்துப் பழத்துல செஞ்சதான்னு கேக்காவ. பழைய ஊறுகாய் மாதிரின்னா தோஷம் இல்லையாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். செல்வி கண்ணைக் காட்டினாள். ஆனால் எனக்குப் பழைய சரக்கு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

"போன வருசத்துச் சரக்கா? நான் அப்படியா வாங்கிட்டு வருவேன்? இந்த மார்கழியில இடிச்சது. கோவில்பட்டிக்காரி என் கண்ணு முன்னாடி கட்டிக் கொடுத்தா."

செல்வி மொழிபெயர்க்கவில்லை. என் கையாட்டலிலேயே சுபர்ணாவுக்குப் புரிந்துவிட்டது. அதோடு நிறுத்தினேனா? படித்தால் பாஸ், படிக்காவிட்டால் பெயில், பழம் என்ன செய்யும், வக்கீல் வீட்டிலேயே இப்படியா என்று சத்தம் போட்டேன். துலியின் அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். கதவு சாத்தப்பட்டது.

மாடிக்கு வந்ததும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டிப்போவுல முதல் ட்ரிப்புக்கு எலுமிச்சம்பழம் நசுக்காம வண்டிய எடுத்திருவியளா?"

"அது வேற."

"என்ன வேற? நீங்க நசுக்கினா சாமி, அவிய தின்னாம இருந்தா மூடநம்பிக்கையா? அந்தப் பிள்ளை பரீட்சைக்கு உக்காரும்போது அந்த மூணு வடைதான் மண்டைக்குள்ள நிக்கும். படிச்சது நிக்குமா?"

ஒரு நாள் எலுமிச்சம்பழம் கிடைக்காமல் டிரைவர் கால் மணி நேரம் வண்டியை எடுக்காமல் நின்றதும், நானே ஓடிப்போய் டீக்கடையில் வாங்கி வந்ததும் ஞாபகம் வந்தது. டைம் கீப்பர் திட்டியது தனி.

தர்ஷினி அன்று சாப்பிடவில்லை. "நான்தானேப்பா கொடுத்தேன். அந்த அக்கா பெயிலாயிட்டா நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். எந்தக் கேள்விக்கும் சத்தம் போட்டே பதில் சொல்லிப் பழகியவன் நான். இதற்கு எழுந்து போய்க் கிண்ணத்து வடையைத் திரும்பக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நாலாம் நாள் எங்கும் போகவில்லை. கீழே துலி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்க்கிறாளாம், வேலைக்கு வருகிற பெண் செல்வியிடம் சொன்னாள். தர்ஷினி படிக்கட்டில் பாதி வரை இறங்குவாள், உட்காருவாள், ஏறி வருவாள். கார்த்தி மட்டும் செல்வி வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லாவோடு வீடு முழுக்கப் பஸ் ஓட்டினான், தகரத்துக்குப் பதில் பீரோவைத் தட்டினான்.

சாயங்காலம் சுபர்ணா மாடிக்கு வந்தார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாளைக்குப் பூஜை, காலையில் எல்லாரும் வர வேண்டும் என்றார். கோபம் இருந்தாலும் அழைக்காமல் விடக்கூடாது என்ற முறைக்கு வந்த அழைப்பு, குரலிலேயே தெரிந்தது. திரும்பும்போது மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். உங்கள் ஊரில் நாளைக்கு எப்படிக் கொண்டாடுவீர்கள்?

எனக்கு இன்னும் முழுசாக வேகம் அடங்கவில்லை. "நாளைக்கு ஒண்ணும் கிடையாது. எங்களுக்குச் சரஸ்வதி பூஜை முடிஞ்சு மூணு மாசமாச்சு. நவராத்திரியிலயே முடிச்சிருவோம்னு சொல்லு," என்றேன்.

செல்வி சொன்னாள். வாசலைத் தாண்டிய சுபர்ணா நின்றார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். விசாரணை ஆரம்பமானது. நடுவில் செல்வி.

"அதே சரஸ்வதிதானா? வீணை, அன்னம்?"

"அதேதான்."

"புத்தகம் வைப்பீர்களா?"

"அடுக்கி வைப்போம். மறுநாள்தான் எடுக்கணும். வண்டிக்கு மாலை போடுவோம், என் டிக்கெட் மெஷினுக்கும் பொட்டு வைப்போம்."

"உங்கள் மகள் வைத்தாளா?"

"கணக்கு நோட்டுல இருந்து கலர் பென்சில் வரைக்கும் வச்சா. வச்சா படிக்க வேண்டாம்லா."

சுபர்ணா சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமில்லை. "அந்த மரம் எந்த ஊர்?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"பழம் பறித்தது?"

"மார்கழி. அதான் நேத்தே சொன்னேனே, புதுசு."

"உங்கள் பூஜைக்கு முன்னாலா, பின்னாலா?"

"பின்னாலதான். ரெண்டு மாசம் பின்னால."

அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய், "துலி, மேலே வா," என்று கூப்பிட்டார். துலி வந்தாள். கண் வீங்கியிருந்தது. தர்ஷினி செல்வியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சுபர்ணா நின்றபடியே சொன்னார். செல்வி காதில் கிசுகிசுத்ததை அப்படியே எழுதுகிறேன். "இந்தப் பழம் நம் எல்லைக்குள் வராது. அது காய்த்த ஊரில் சரஸ்வதி ஏற்கனவே பூஜை வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு காய்த்த பழத்தைத் தின்ன அங்கே தடை கிடையாது. நேற்று இவர் பழசு என்று பொய் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். புதுசு என்று சண்டை போட்டார். அதனால் சாட்சி நம்பகமானது."

துலி வக்கீல் மகள். சும்மா விடுவாளா? "தின்றது பெஹாலாவில்தானே, மா?"

பீரோவைத் தட்டிக்கொண்டிருந்த கார்த்திகூட நிறுத்திவிட்டான். சுபர்ணா கறுப்புக் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மகளைக் கேட்டார்.

"பூரிக்குப் போய் வாங்கி வந்த கோயில் பிரசாதத்தை நீ எங்கே தின்றாய்?"

"வீட்டில்."

"பெஹாலாவில் தின்றதால் அது பிரசாதம் இல்லாமல் போய்விட்டதா?"

துலி மூக்கை உறிஞ்சினாள். பிறகு செல்வியின் பின்னால் எட்டிப் பார்த்து, தர்ஷினியிடம் இங்கிலீஷில், "காலையில் ஆறு மணிக்கு வா, சேலை கட்ட நேரமாகும்," என்றாள்.

நான் முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை தெருவே மஞ்சளாக இருந்தது. என் மகள் மஞ்சள் சேலையில் படி இறங்கி வந்தபோது எனக்கு யாரோ போல இருந்தது. இடுப்பில் இருபது ஊக்கு குத்தியிருந்தார்கள். கீழே கூடத்தில் சின்ன மண் சிலை, வெள்ளைச் சரஸ்வதி. மைக்கூடு, நாணல் பேனா. அவரவருக்கு எந்தப் பாடம் கஷ்டமோ அந்தப் புத்தகத்தைக் காலடியில் வைக்க வேண்டுமாம். துலி கணக்கு வைத்தாள். தர்ஷினி போனாளே ஒழிய வைக்க எதுவும் இல்லை. போன் வைக்கட்டுமா என்று கேட்டு அடி வாங்காமல் தப்பித்தாள், கடைசியில் அவளும் துலியின் கணக்குப் புத்தகத்திலேயே கை வைத்துக் கும்பிட்டாள். சுபர்ணா என்னைப் பார்த்து நீங்கள் என்று சைகை காட்டினார். சாவிக்கொத்தில் என் விசில் இருந்தது. கழற்றி வைத்தேன்.

பூசாரி இருபது வயசுப் பையன், சைக்கிளில் வந்தான், இன்னும் ஆறு வீடு பாக்கி என்று அவசரப்பட்டான். பழத்தட்டில் இலந்தைக்கு நடுவே கறுப்பாக இருந்ததைப் பார்த்து மந்திரத்தை நிறுத்தினான். "இது என்ன?"

"இலந்தை," என்றார் சுபர்ணா. "மெட்ராஸ் பக்கத்து இலந்தை. ஓது."

ஓதினான். வெறும் வயிற்றோடு மூன்று தடவை கை நிறையப் பூ போட்டோம். முடிந்ததும் துலி தட்டிலிருந்து முதலில் எடுத்தது பழத்தை இல்லை, வடையை. ஒன்று தின்றாள், காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று எடுத்தாள். அவள் அப்பா பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு கிச்சடி, கத்தரிக்காய் வறுவல், இலந்தைச் சட்னி. சட்னியில் சர்க்கரை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. துலி பாஸ். கணக்கில் மட்டும் மார்க் குறைவு. அது நாலாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான், வடைக்குச் சம்பந்தமில்லை என்று அவள் அம்மாவே போனில் சொல்லிவிட்டார். நான் தென்காசி வண்டியில் குழந்தையோடு யாராவது இறங்கினால், "ஆஸ்தே லேடீஸ்" என்கிறேன். டிரைவர் ஆறுமுகத்துக்குப் பழகிவிட்டது, நிறுத்துகிறார்.

இந்த மார்கழியிலும் இலந்தை வந்தது. பள்ளிக்கூட வாசலில் விற்கிறார்களாம், தர்ஷினி தொடுவதில்லை. துலி அக்கா பூஜை முடிந்துதான் தின்பாளாம், அதனால் இவளும் அப்படியாம். நமக்கு நவராத்திரியிலேயே முடிந்துவிட்டது, தீர்ப்பே வந்துவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சரியான கிறுக்குப் பிள்ளை.

மூன்று நாள் முன்னால் ஆலங்குளத்தில் ஏறிய வியாபாரியம்மாள் எனக்கு ஒரு பொட்டலம் இலந்தை வடை கொடுத்தாள். பைக்குள் போட்டேன். டிக்கெட் மெஷினை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுகிறது. நேற்று டீக்கு நின்றபோது ஆறுமுகம் பார்த்துவிட்டார்.

"எடும்வே, ஆளுக்கு ரெண்டு திம்போம்."

"இன்னும் பதினோரு நாள் இருக்கு," என்றேன்.

"எதுக்கு?"

"கல்கத்தாவுல ஒரு கேஸு. அது முடியட்டும்."